ஹிந்த் மோட்டார்: ஓர் ஆலையின் வரலாறு

ஹௌராவிலிருந்து பர்த்தமான் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், உத்தர்பாராவுக்கும் கொன்னகருக்கும் இடையே ஒரு சிறு நிலையம் வரும். நிலையங்கள் பெரும்பாலும் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும். அரசர் பெயரையோ தலைவர் பெயரையோ தாங்குவதும் உண்டு. இந்த நிலையம் தாங்கி நிற்பது ஒரு தொழிற்சாலையின் பெயரை. 'ஹிந்த் மோட்டார்' என்று பலகையில் எழுதியிருக்கிறது. அந்தப் பெயருக்குரிய கார் ஆலையின் வாயிலில் 2014 மே 24, சனிக்கிழமையன்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அன்றோடு அங்கே வேலை நின்றது. அம்பாசிடர் காரின் உற்பத்தியும் நின்றது.

அச்செய்தி வெளியான நாட்களில் நாளேடுகள் அம்பாசிடருக்குப் பாடிய இரங்கற்பாக்கள் ஏராளம். நம்முள்ளும் அந்த வண்டியைப் பற்றிய நினைவு இல்லாதவர் யார்? மாவட்ட ஆட்சியர் வந்திறங்கிய வெள்ளை அம்பாசிடர், மணமக்கள் ஊர்வலம் போன மாலையிட்ட அம்பாசிடர், ஆயர் இல்லத்து முற்றத்தில் வேப்பமர நிழலில் நின்ற அம்பாசிடர், பிள்ளைகளை மடியில் அடுக்கிக்கொண்டு ஒன்பது பேராய் வேளாங்கண்ணிக்குப் போய்வந்த வாடகை அம்பாசிடர் என்று அவரவர் நெஞ்சில் ஒன்று நிற்கும். அந்த அன்பைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் வண்டிக்கு அழுத நாடு, அதைச் செய்த ஊருக்காக அவ்வளவு அழவில்லை என்பதே என் எண்ணம். ஆகவே இக்கட்டுரை உத்தர்பாராவைப் பற்றியது.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரை வரலாறு அடர்ந்த கரை. போர்த்துக்கீசியர் பாண்டேலிலும், டச்சுக்காரர் சின்சுராவிலும், பிரெஞ்சுக்காரர் சந்திரநாகூரிலும், டேனியர் செராம்பூரிலும் தங்கி வாணிகம் செய்தனர். 1855-இல் ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தது. அதன் பிறகு கரை நெடுகப் புகைபோக்கிகள். உத்தர்பாரா மட்டும் ஆலைகளைவிடப் புத்தகங்களால் அறியப்பட்ட ஊராக இருந்தது. 1859-இல் அங்கே திறக்கப்பட்ட ஜெயகிருஷ்ண நூலகம் வங்கத்தின் பெருமைகளுள் ஒன்று. கிறிஸ்தவத்தைத் தழுவிய வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர், நோயும் வறுமையும் வாட்டிய தம் இறுதிக் காலத்தில் சில வாரங்கள் தங்கியது அந்த நூலகக் கட்டடத்தில்தான். சிறையிலிருந்து விடுதலையான அரவிந்தர் 1909-இல் பேசிய புகழ்பெற்ற உரையும் இவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது.

இத்தகைய ஊருக்கு அருகில் 1948-இல் கார் ஆலை வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தை பி.எம். பிர்லா 1942-இல் தொடங்கியிருந்தார். முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் பாகங்களை இறக்குமதி செய்து வண்டிகளைப் பூட்டினார்கள். நாடு விடுதலை பெற்றதும், பூட்டுவது போதாது, செய்ய வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. செய்வதற்கு இரும்பும் நிலக்கரியும் அருகில் வேண்டும். ஆறும் ரயிலும் துறைமுகமும் வேண்டும். உழைக்கும் கைகள் வேண்டும். இவை யாவும் ஹூக்ளிக் கரையில் இருந்தன. எழுநூறு ஏக்கருக்கு மேல் பரந்த நிலத்தில் ஆலை எழுந்தது.

அந்த ஆலையின் அமைப்பை இன்றைய கார் ஆலைகளோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளக் கூடாது. இக்காலத்துக் கார் ஆலை பெரும்பாலும் பூட்டும் இடம். உதிரிப் பாகங்கள் நூறு சிறு ஆலைகளிலிருந்து வந்து சேரும். உத்தர்பாராவில் அப்படியன்று. உருகிய இரும்பை ஊற்றி எஞ்சின் உடலை எடுக்கும் வார்ப்படச் சாலை, பழுக்கக் காய்ச்சிய எஃகை அடித்து அச்சுத்தண்டு செய்யும் பட்டறை, கடைசல் பிரிவு, தகட்டை அழுத்திக் கூரையும் கதவும் வளைக்கும் பிரிவு, வண்ணம் பூசும் கூடம் ஆகிய அனைத்தும் ஒரே மதிலுக்குள் இருந்தன. ஒரு புறம் மூலப்பொருளாக நுழைந்தது மறுபுறம் காராக வெளியேறியது. அவ்வாறு செய்ததற்குப் பெருமை மட்டும் காரணமன்று. வெளியே வாங்குவதற்கு அன்று இந்தியாவில் உதிரிப் பாகத் தொழில் என்று சொல்லத்தக்கது ஏதும் இருக்கவில்லை. எனவே அங்கே வளர்ந்தவை பல தொழில்கள். வார்ப்படக்காரர், கருமார், கடைசல்காரர், தகடு தட்டுவோர், வண்ணம் பூசுவோர் எனத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போன கைத்திறன்கள் அவை. ஆலையைச் சுற்றிக் குடியிருப்புகள், பள்ளி, கடைத்தெரு, பூஜைப் பந்தல் என ஒரு நகரமே சூழ்ந்தது. பிறகுதான் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்.

முதலில் வந்தவை இங்கிலாந்தின் மாரிஸ் வண்டிகள், ஹிந்துஸ்தான் என்னும் பெயரில். பிறகு லேண்ட்மாஸ்டர். 1957-58-இல், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வரிசையின் மூன்றாம் வடிவம் அம்பாசிடர் என்ற பெயரில் இங்கே பிறந்தது. அதன் மூலமான ஆங்கிலக் கார் 1956-இல் விற்பனைக்கு வந்து, 1959-இல் அங்கே நிறுத்தப்பட்டது. பிறந்த வீட்டில் மூன்றாண்டு வாழ்ந்த வடிவம், புகுந்த வீட்டில் ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தது. முகப்புத் தட்டும் விளக்கும் அவ்வப்போது மாறின. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின. உடல் மாறவில்லை.

ஏன் மாறவில்லை? 'போட்டி இல்லை, அதனால் சோம்பினார்கள்' என்பது எளிய விடை. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1950-களில் அரசு வகுத்த கொள்கைப்படி, இங்கேயே பாகங்களைச் செய்ய முன்வராத வெளிநாட்டு நிறுவனங்கள் வெளியேறின. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அவ்வாறே போயின. எஞ்சியவை உத்தர்பாராவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் உரிமம். எந்தப் பொருளை இறக்குமதி செய்யலாம் என்பதற்கும் உரிமம். 1969-இல் காரின் விலையையே அரசு ஆணையிட்டு நிர்ணயித்தது. கார் வாங்க விரும்பியவர் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

இனி ஆலையின் கணக்கைப் பார்ப்போம். காரின் உடலை வடிக்கும் அச்சுகள் மிகுந்த விலையுடையவை. ஐரோப்பாவின் பெரிய ஆலைகள் ஓர் அச்சுத் தொகுதியைக் கொண்டு பல இலட்சம் வண்டிகள் அடித்து, அச்சின் விலையை அவற்றின் மேல் பரப்பிவிட்டுப் புதிய வடிவத்துக்குப் போகும். உத்தர்பாராவோ தன் உச்சக் காலமான 1980-களின் நடுவிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 அம்பாசிடர்களையே செய்தது. இந்த எண்ணிக்கையில் புது வடிவத்துக்கான செலவை ஈட்டுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும். விற்கும் அளவையும் விலையையும் கட்டிவைத்துவிட்டு, 'ஏன் புதுமை செய்யவில்லை' என்று கேட்பது, காலைக் கட்டிவிட்டு 'ஏன் ஓடவில்லை' என்பதைப் போன்றது. பின்னர்க் கட்டு அவிழ்ந்தபோது கால்கள் நடக்க மறந்திருந்தன என்பதும் உண்மையே. அதற்கு ஆலையை நடத்தியவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் டீசலில் ஓடிய முதல் கார் அம்பாசிடரே. 1980-ஐ ஒட்டி அது வந்தது. வாடகை வண்டிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆங்கில மூலத்தில் இல்லாத ஒன்றை உத்தர்பாரா தன் வாடிக்கையாளருக்காகச் செய்து கொடுத்த தருணம் அது. எந்த நாட்டுப் பள்ளத்திலும் இறங்கி ஏறும் வில்தகடுகள், எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் சுத்தியலும் திருப்புளியும் கொண்டு சீர்செய்யத்தக்க எஞ்சின், வயது முதிர்ந்தோரும் குனியாமல் ஏறத்தக்க உயர்ந்த இருக்கை என அந்த வண்டியின் நற்குணங்கள் பொய்யல்ல. 2013-இல்கூட, பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சி உலகின் வாடகைக் கார்களுள் சிறந்ததென்று அதைத் தேர்ந்தது. மறு ஆண்டே ஆலை நின்றது!

1983 டிசம்பரில் மாருதி வந்தது. அரசும் ஜப்பானின் சுசுகியும் சேர்ந்து உருவாக்கிய அந்தச் சிறு கார், எரிபொருள் குறைவாகக் குடித்தது, பழுதாகாமல் ஓடியது. தம் பணத்தில் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் அதன் பக்கம் போயின. அம்பாசிடருக்கு எஞ்சியவர்கள் அரசும் வாடகை வண்டிக்காரரும். இவ்விரு வாடிக்கையாளரும் அமைந்ததே உத்தர்பாராவுக்குத் தீங்காயிற்று என்று கருதுகிறேன். குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டே இருப்பவர், ஆலைக்கு எதையும் கற்பிப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் இசுசு நிறுவனத்தின் 1,800 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டபோது வண்டிக்குப் புது மூச்சு வந்தது. ஆனால் புது இதயத்தைத் தாங்கிய உடல் பழையதே. 1993-இல் கார்த் தொழிலுக்கு உரிமமுறை நீங்கியது. உலகின் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாய் உள்ளே வந்தன.

இங்கேதான் நம் மாநிலம் இக்கதைக்குள் நுழைகிறது. புதிய காலத்துக்கேற்ற வண்டிகளைச் செய்ய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முயலாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸுடன் கைகோத்தபோது ஓப்பல் கார்கள் குஜராத்தின் ஹாலோலில் உருவாயின. மிட்சுபிஷியுடன் கைகோத்து 1998-இல் கொண்டுவந்த லான்சர் கார், சென்னையை அடுத்த திருவள்ளூரில் புதிதாய்க் கட்டிய ஆலையில் உருவானது. திருவள்ளூரில் வேலை கிடைத்த நம் இளைஞர்களுக்கு அது நல்ல செய்தி. உத்தர்பாராவில் இருந்து பார்த்தால் அதே செய்தியின் மறுபக்கம் தெரியும்: புதியவை எல்லாம் வேறிடத்துக்கு, பழையது இங்கேயே. 1984-இல் வந்த கான்டெஸ்ஸாவும் 2002-இல் நின்றது. அதன் பிறகு அந்தப் பேராலையின் பயணிகள் கார் என்று சொல்ல அம்பாசிடர் ஒன்றே இருந்தது. ஒரு வண்டியின் வயதோடு ஓர் ஊரின் வயதும் முடிச்சிடப்பட்டுவிட்டது.

பழைய வடிவம் என்றாலே சாவுதான் என்று சொல்லிவிட முடியாது. திருவொற்றியூரைப் பாருங்கள். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார்சைக்கிளும் ஆங்கில வடிவமே. அதன் தாய் நிறுவனம் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மறைந்தது. இங்கேயும் 2000-ஆம் ஆண்டளவில் மூடலாமா என்று எண்ணும் நிலை வந்தது. எய்ச்சர் குழுமம் அதைக் கைவிடவில்லை. தோற்றத்தை வைத்துக்கொண்டு உள்ளே எஞ்சினை முற்றாக மாற்றினார்கள். எண்ணெய் ஒழுகுவதும் உதைத்து ஓய்வதும் நின்றன. இன்று அதை உலகெங்கும் வாங்குகிறார்கள். காருக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் முதலீட்டில் பெரும் வேற்றுமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பழமையை மக்கள் விரும்பும் அழகாக்க வழி இருந்தது என்பதற்கு அது சான்று.

இறுதி ஆண்டுகள் விரைவாகவே கழிந்தன. பிரதமர் வாஜ்பாயின் காலத்திலேயே, 2001-இல் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதற்குப் பின், பிரதமரின் பயணத்துக்குக் குண்டு துளைக்காத பி.எம்.டபிள்யூ கார்கள் வந்தன. அந்தத் தாக்குதலுக்கு வந்தவர்கள் ஏறி வந்ததும் ஒரு வெள்ளை அம்பாசிடரில்தான். அதிகாரத்தின் உருவம் அவ்வளவு எளிதாகப் போலி செய்யத்தக்கதாக இருந்தது. 2010 ஏப்ரலில் பெருநகரங்களில் புகைக்கட்டுப்பாட்டின் நான்காம் நிலை நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈடுகொடுக்கும் டீசல் வண்டி உத்தர்பாராவிலிருந்து வர 2013 ஆயிற்று. 2013-14 நிதியாண்டில் விற்றவை ஏறத்தாழ 2,200 வண்டிகள். உச்சக் காலத்தில் ஒரு மாதத்தில் விற்றதற்கு ஏறக்குறைய இணையானது அந்த ஆண்டின் முழு விற்பனை. நாளொன்றுக்கு ஐந்து வண்டி செய்வதற்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வாயிலில் நுழைந்தனர். பல மாதச் சம்பளம் பாக்கி.

அறிவிப்பில் நிறுவனம் கூறிய காரணங்கள்: உற்பத்தித் திறன் குறைவு, ஒழுங்கின்மை, கடும் பணப் பற்றாக்குறை, வண்டிக்குத் தேவையின்மை, பெருகிவிட்ட கடன் சுமை. ஆனால் அந்தத் தாளில் இருந்த சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஆலை மூடப்படுகிறது' என்று அதில் இல்லை. 'வேலை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்றே இருந்தது. சொல் வேற்றுமைதானே என்று தோன்றும். இல்லை. அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி, இத்தகைய பெரிய ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. மூடினால் தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டியிருந்தது. நிறுத்தி வைத்தால், ஆலை மூடப்பட்டதாகாது. தொழிலாளி வேலையிழந்தவன் ஆகான். வேலையில் இருப்பவனும் ஆகான். இழப்பீடும் இல்லை, கூலியும் இல்லை. இது அந்த நிறுவனம் கண்டுபிடித்த வழி அன்று. ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகள் பல்லாண்டாய்ப் பழக்கிவைத்த வழி. ஆண்டுதோறும் எத்தனையோ சணல் ஆலை வாயில்களில் இதே சொல் ஒட்டப்பட்டு, கிழிக்கப்பட்டு, மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. சணல் ஆலைத் தொழிலாளியாவது வாயில் மறுபடி திறக்கும் என்று காத்திருந்து வேலைக்குத் திரும்பியதுண்டு. உத்தர்பாராவில் காத்திருப்பு மட்டுமே நிகழ்ந்தது. தொழிலாளியைக் காக்க எழுதிய சட்டமே அவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைக்கும் வழியாகவும் ஆயிற்று என்பதை நினைக்குந்தோறும் மனம் கசக்கிறது.

2017 பிப்ரவரியில் அம்பாசிடர் என்ற பெயர் விற்கப்பட்டது. பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. வாங்கியது வார்ப்படச் சாலையை அன்று, அச்சுகளை அன்று, தொழிலாளியின் திறனையும் அன்று. ஒரு சொல்லை மட்டும். நாம் வைத்த அன்பில் பெரும் பங்கு அந்தச் சொல்லின் மேல் ஏறி, அதற்கு அவ்வளவு விலையை உண்டாக்கியிருந்தது. அதே காலத்தில், அந்தச் சொல்லுக்கு உருவம் கொடுத்த கைகளின் விலை என்னவாக இருந்தது? வார்ப்படத்தில் முப்பதாண்டு தேர்ந்த ஒருவரை ஐம்பது வயதில் எந்த ஆலை வேலைக்கு அழைக்கும்? புதிய கார் ஆலைகள் இருந்தவை மேற்கிலும் வடக்கிலும் நம் தமிழகத்திலும். அவையும் கேட்டது தொழிற்பயிற்சி முடித்த இருபது வயது இளைஞரை.

எஞ்சியது நிலம். அதில் 314 ஏக்கர், ஆலை ஓடிக்கொண்டிருந்தபோதே, 2007-ஐ ஒட்டி, குடியிருப்பு நகரம் எழுப்ப விற்கப்பட்டது. விற்ற பணம் ஆலையைப் புதுப்பிக்க உதவும் என்று அன்று சொல்லப்பட்டது. ஆலை நின்ற பிறகு, பயன்படாமல் கிடந்த எஞ்சிய நிலத்தை, ஏறத்தாழ 395 ஏக்கரை, மாநில அரசு திரும்ப எடுத்துக்கொள்ள முற்பட்டது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. 2025-இல் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு அந்நிலத்தில் சுமார் 40 ஏக்கரை ரயில் பெட்டி செய்யும் டிட்டாகர் நிறுவனத்தின் விரிவாக்கத்துக்கு ஒதுக்க முடிவு செய்தது. அந்நிறுவனத்தின் உத்தர்பாரா ஆலை மெட்ரோ பெட்டிகளைச் செய்து வருகிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூரில் திறந்த மஞ்சள் தடத்தில், ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் வகையில் அமைந்த ரயில் பெட்டிகளுள் அங்கே செய்யப்பட்டவை உண்டு. எஃகை வளைத்து வண்டி செய்யும் தொழில் அந்தக் கரையை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. அந்தச் சனிக்கிழமை வாயிலில் நின்று அறிவிப்பைப் படித்த ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு, பெங்களூரில் அந்த ரயில் ஓடத் தொடங்கியபோது வயது அறுபத்தொன்று.